குடும்பத்தில் யாருக்காவது

மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோடு அடுக்கப்பட்டிருந்தன. காலையில் டிரைவிங் ஸ்கூல் வேலைக்குக் கிளம்பும்போது படுக்கையை உதறி ஒரே ஒரு தலையணை போட்டது அவர்தான். மனைவி மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் தலையணையைத் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி சூடாக இருந்தது.

அப்படி அடுக்கிய தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியவன் அவருடைய தம்பி. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கால் வீங்கிப்போய், படுத்தால் மூச்சு முட்டும் என்று கடைசி மாதங்களைச் சாய்ந்தே கழித்துவிட்டு, போன மாதம் போய்ச் சேர்ந்தான்.

தலையணைகளைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தார். அப்போது, பூட்டிய ஜன்னல்களுக்கும் அசையாத திரைச்சீலைக்கும் நடுவே, எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி, பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. கூடவே சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது மாதிரி, ஈரத்தில் ஊறி, சிரமப்பட்டு இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். குழாய் இருப்பது எதிர்ச்சுவரில்.

அப்பா இறந்த பிறகு அவருக்கும் பரிசோதனை செய்து பெரிய டாக்டர் விவரமாகச் சொல்லியிருந்தார். இதயத் தசை தளர்ந்துபோகும் கோளாறு, மரபணுவில் வருகிறது, உங்களுக்கும் இருக்கிறது. தம்பிக்கும் உங்கள் பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, கூட்டி வாருங்கள், முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையிலேயே பல வருஷம் ஓட்டலாம் என்று. அவர் தன் மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிப் போட்டுக்கொண்டார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பரம்பரை நோய் என்று வெளியே பேச்சு கிளம்பினால் எந்தச் சம்பந்தம் நிற்கும்? அப்பாவுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

பிறகு தம்பி ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தான். தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று டாக்டர் கேட்டதும், தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"அப்படி யாருக்கும் இல்லைங்க" என்றார் அவர்.

பெயிண்ட் வாடையால் வந்த வீசிங் என்று மருந்து கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உண்மை தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது தம்பி கோபப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியும்லண்ணே" என்று மட்டும் சொன்னான். பிடியை விடுவிக்க நர்ஸ் வரவேண்டியிருந்தது.

"அப்பா."

மகள் கூப்பிட்டாள். ஓடினார். அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "சித்தப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமாப்பா? மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

சுவருக்குள் மூச்சு நின்றது.

பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி.

சொல்லிவிடலாம். இப்போதே டாக்டரிடம் கூட்டிப்போகலாம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் முகங்கள் வரிசையாக வந்துபோயின.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாது."

மகள் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனாள்.

மூச்சு மறுபடி கேட்டது. சுவருக்குள் இல்லை. இந்த அறையில். கட்டிலில்.

அவள் கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரும் இல்லை. டர்பன்டைன் வாடை கண்ணை எரித்தது. போர்வை மெல்ல விலகியது. அவளுடைய மெலிந்த பாதம் அவர் பார்க்கப் பார்க்க ஊதியது. தோல் பளபளத்தது. விரல்களுக்கிடையே இருந்த இடைவெளி மூடிக்கொண்டது.

கணுக்காலுக்கு மேல் சதை உள்ளே போனது. கட்டைவிரல் அளவு. டாக்டர்கள் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பது மாதிரி. அழுத்தம் விலகியது. குழி நிரம்பவில்லை.

அதற்கு மேலே இன்னொன்று.

அதற்கும் மேலே.

அவர் பாய்ந்து அந்தக் காலை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவர் விரல்களுக்கு நடுவே, நிதானமாக, அடுத்த குழி விழுந்தது.