மிளகளவு கொப்புளம்

காலை முறை தொடங்கியதும் ஞானசௌந்தரி கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிகளின் முன் நின்றாள். கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த மக்னீசியத் தகடு ஒன்று கொக்கியில் தொங்கியது. ஆள் உயரம் இருந்தாலும் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஆனால் பொல்லாத உலோகம். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அமிலத்தில் முக்கி எடுத்த கையோடு துத்தநாகக் கரைசலில் இறக்கிவிட வேண்டும்; பிறகுதான் நிக்கல் பூச்சு. சற்றுக் காற்றுப் பட்டாலும் மெல்லிய ஏடு படிந்துவிடும். அதன்மேல் பூசிய நிக்கல் ஒட்டியதுபோலவே தெரியும். வருடங்கள் கழித்துக் கொப்புளம் கிளம்பும்.

மன்னார் வளைகுடாவில் கடலுக்கடியில் இருந்த அவள் ஊருக்குச் சுவர்களே இந்தத் தகடுகள்தான். பூச்சில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், உப்புநீர் மக்னீசியத்தை மாவாக்கிவிடும். அதனால் பூசியவர் குடும்பத்தோடு தன் தகட்டுக்குப் பின்னால்தான் குடியிருக்க வேண்டும் என்பது விதி. பத்து வருடம் குறையில்லாமல் தாங்கினால் கரைக்குப் போகலாம். குறை வந்தால் புதுத் தகடு, மறுபடி முதல் வருடம். குறையைக் குடியிருப்பவரே சொல்ல வேண்டும். தன் வீட்டுச் சுவரின் ஓட்டையை யார் மறைப்பார்கள் என்று விதி எழுதியவர்கள் நினைத்தார்கள். பத்து வருடம் தாங்கிய வீட்டில் பூச்சு வேலை செய்யாத வேறு குடும்பத்தை வைப்பார்கள். அதன்பிறகு அந்தச் சுவரை யாரும் சோதிப்பதில்லை.

சௌந்தரிக்குப் பத்து வருடம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அன்று மாலை கட்டிலை இழுத்துப் பெருக்கும்போது, சுவரின் அடியில் மிளகளவு கொப்புளம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினாள். அமுங்கியது.

"தொடாத," என்றான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கணவன் அமலதாசன். "பதினோரு நாள்ல ஒண்ணும் ஆவாது. நாம பாக்கல, அவ்வளவுதான்."

"நமக்குப் பொறவு இங்க வாரவுக?"

"எங்கம்மையப் பாத்துப் பத்து வருஷம் ஆச்சு, சௌந்தரி."

அவள் கட்டிலைத் திரும்பத் தள்ளாமல் அப்படியே விட்டாள். மறுநாள் சோதனை அலுவலர் கோயில்பிள்ளையிடம் போய்ச் சொன்னாள். பதிவேட்டைத் திறந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யம்மா, யோசிச்சுத்தான் சொல்றியா? எழுதிட்டா எழுதினதுதான்."

"எழுதுங்க சார்."

"இதுவர முப்பத்தொரு குடும்பம் மேல கரைக்குப் போயிருக்கு. கடைசி மாசத்துல கொப்புளம்னு ஒருத்தரும் வந்து நின்னதில்ல. நீதான் மொதல்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

வீட்டில் அமலதாசன் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

அவன் மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினான். அவனுக்கு முன்னால் நிற்கவே அவளுக்குக் கூசியது. அலுவலர் சொன்ன முப்பத்தொரு வீட்டைப் பற்றிச் சொல்லி, அதில் எத்தனை பேர் கொப்புளத்தை மறைத்துவிட்டுப் போனார்களோ என்றாள். அவன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"பக்கத்து வீட்டு தொபியாஸ், போன வருஷம்தான மேல போனாவ?"

"இப்ப அங்க கைப்புள்ளக்காரி இருக்கா."

அவன் மூட்டையை அவிழ்த்து டார்ச்சை எடுத்தான். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இருவருமாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்த பெண்ணின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா?"

"புள்ளயோட தொட்டில எந்தச் சுவத்துப் பக்கம் கட்டிருக்க?" என்று கேட்டாள் சௌந்தரி.