கல்லின் அடிப்பக்கம்

டைல்ஸ் மேஸ்திரியை அக்கா வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போனது தரையைச் சரிசெய்ய மட்டும் இல்லை. அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி என் வீட்டுக்கு அழைத்துப்போகவும்தான். அத்தான் இறந்ததிலிருந்து ஹாலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தட்டை நீட்டினால் சாப்பிடுவாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது குழாய் திறந்திருந்தது. அக்கா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் வழிந்து வந்து அவள் பாதத்தை நனைத்த பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தாள்.

இப்போது கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. பல நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது. கற்களின் இணைப்புகள் கறுத்திருந்தன. சில கற்கள் மிதித்தால் லேசாக அசைந்தன. மேலே மட்டும் தரை சுத்தமாகக் காய்ந்திருந்தது.

மேஸ்திரி வாயாடி. வால்வை மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். முள் ஆடவில்லை.

"பைப்புல ஒண்ணும் இல்ல சார். அன்னைக்கு ஓடுன தண்ணிதான் இடுக்கு வழியா இறங்கி மணல்ல நிக்குது. மேல துடைச்சா போதும்னு எல்லாரும் விட்டுடுறாங்க. தண்ணி கல்லுளிமங்கன் சார், லேசுல போகாது."

உளியின் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல கல் கெட்டியாக ஒலிக்கும். அடியில் ஈரம் புகுந்த கல் வெற்றுப் பெட்டிபோல ஒலிக்கும். அந்த வெற்றொலி குளியலறை வாசலில் தொடங்கி, நடையைக் கடந்து, ஹாலில் வளைந்து, அக்காவின் நாற்காலி முன்னால் வந்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க."

"கால் மரத்துப்போச்சு," என்றாள் அக்கா.

நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அவள் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நாளெல்லாம் துணி துவைத்தவளின் விரல்போல. தரையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை.

அவள் கால் வைத்திருந்த கல்லை மேஸ்திரி ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி தட்ட உளியை ஓங்கினார்.

டொக்.

உளி இன்னும் அவர் கையில், அந்தரத்தில் இருந்தது.

அதை அவர் மெல்லக் கீழே இறக்கினார். அந்த ரகக் கல் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் உடைக்காமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். எந்தக் கல் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மாறிப்போகாமலிருக்க, பின்புறம் சாக்பீஸால் எண்ணும் குளியலறையை நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டார். நான் அவற்றை முற்றத்து வெயிலில் அதே வரிசையில் கவிழ்த்து அடுக்கினேன்.

மத்தியானத்துக்குள் கற்களின் பின்புறம் ஒட்டியிருந்த சிமெண்டு காய்ந்து வெளுத்தது. சில இடங்கள் மட்டும் காயவில்லை.

பாதங்கள்.

கல் விட்டுக் கல், வலது, இடது, வலது. ஒருவர் தரைக்கு அடியில் தலைகீழாக நடந்து வந்த தடம்.

மேஸ்திரி என் காதருகே வந்தார். "சார், என் அம்பெல்லாம் பாத்ரூமப் பாக்குது. விரல் எல்லாம் அம்மா நாற்காலிப் பக்கம் பாக்குது."

கடைசிக் கல்லில் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றன. மேலே அவள், கீழே அது, நடுவில் ஒரு கல் கனம். வலது பாதத்தின் வெளிவிளிம்பு அதிகமாக அழுந்தியிருந்தது. அத்தான் நடை அப்படித்தான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் சுடுகிறது என்று மட்டும் நினைத்தேன்.

"மணலையெல்லாம் வாரிப் போட்டுடுங்க," என்றேன்.

வாரிக் கொட்டினார். புதுக் கலவை போட்டு, அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சும் பூசினார். கல் பதிக்கும் வேலை மிச்சமிருக்க, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

"வேலை முடியற வரைக்கும்தான்," என்று சொல்லி அக்கா என்னோடு வந்தாள். என் வீடு மூன்றாவது மாடியில். அங்கே மெல்லத் தேறினாள். தானே தலை வாரிக்கொண்டாள். நான் காபியில் சர்க்கரை போட மறந்தபோது, "உன்ன நம்பி வந்தேன் பாரு," என்றாள். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. ஹால் நடுவில் அவளாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதைக்கூட நல்ல அறிகுறி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க, உங்க தரையில எங்கயோ கசியுது. வந்து பாத்துடுங்களேன்."

நாற்காலியில் இருந்த அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் தன் ஹால் கூரையைக் காட்டினார். வெள்ளைச் சுண்ணாம்பில் இரண்டு ஈரக்கறைகள், பக்கத்தில் பக்கத்தில். வலது கறையின் வெளிவிளிம்பு அதிகம் கறுத்திருந்தது.

"அப்படியே கால் மாதிரி இல்ல? என் பொண்ணு சிரிக்கிறா," என்றார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் எதிரே கூரை நிறம் மாறியது. முதலில் இரண்டு சிறிய குதிகால்கள். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.

"இது இப்பதான் வருது," என்றார் அவர்.

படிகளில் ஓடினேன்.

கதவு நான் சாத்தியபடியே இருந்தது. நாற்காலி காலி. தரை காய்ந்திருந்தது. சமையலறை, படுக்கையறை, குளியலறை, எங்கும் அவள் இல்லை. ஹால் நடுவில் நின்று, "அக்கா, அக்கா," என்று கூப்பிட்டேன்.

"கத்தாதடா. இங்கதான் இருக்கோம்."

குரல் என் உள்ளங்காலுக்கு அடியிலிருந்து வந்தது. அத்தான் போன பிறகு அன்றுதான் அவள் குரலில் உயிர் இருந்தது.