குட்டிச் சூரியனும் மட்டிச் சிப்பியும்

காலையில் ரொட்டி வாங்கிவரச் சொல்லி ஃப்ளோரன்ஸை அனுப்பினால், சூடான ரொட்டி ஆறிப்போன பிறகுதான் அவள் வீட்டுக்கு வருவாள்.

தப்பு அவள் மேல் இல்லை. தப்பெல்லாம் அத்தாவுல்லா பாயின் அடுப்பு மேல்தான்.

ராயபுரத்தில் துறைமுகத்து மதிலை ஒட்டிய ஒரு சந்தில் அவள் வீடு இருந்தது. இரண்டு தெரு தாண்டினால் பாயின் ரொட்டிக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை அளவுக்குச் செங்கல் அடுப்பு. அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நீளமான மரத் துடுப்பை உள்ளே விட்டு பாய் ரொட்டிகளைத் தள்ளுவார், இழுப்பார். நெருப்புக் கடலில் படகு ஓட்டுகிறவர் மாதிரி இருப்பார்.

"அதுக்குள்ள இன்னாதான் கீது பாப்பா, இப்டி பாத்துகினே நிக்கறே?" என்று ஒருநாள் பாய் கேட்டார்.

"குட்டிச் சூரியன் பாய். பெரிசு கடல்லருந்து எந்திரிக்குது. அதோட குட்டி இங்க கீது."

"அப்டியா? இத்தினி வருசமா வாடகை குடுக்காம குந்திகினு கீதே" என்றார் பாய்.

அந்தச் சந்தில் யார் வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டிலேயே மாவு அடித்து, தகர டின்னில் ஊற்றி, துணியால் மூடி, பாயின் கடைக்கு எடுத்துப் போவார்கள். ரொட்டி வேலை முடிந்த பிறகு, மதியத்துக்கு மேல், அதே அடுப்பில் பாய் கேக் சுட்டுத் தருவார்.

ஆனால் எல்லா டின்னும் பிஸ்கட் டின். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வருடம் டின்கள் மாறிப்போய், தெருவே ஒருவர் கேக்கை ஒருவர் முறைத்துக்கொண்டு தின்றது.

அதற்கப்புறம் பாய் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு வீடும் கடற்கரையிலிருந்து இரண்டு ஓடும் ஒட்டியிருக்கிற ஒரு மட்டிச் சிப்பி கொண்டுவர வேண்டும். பாய் அதை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதியை டின்னில் கட்டுவார், மறு பாதியை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். கேக் வாங்க வரும்போது இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார். மட்டியின் ஒரு பாதி அதன் சொந்த ஜோடியோடுதான் பல்லுக்குப் பல் பொருந்தும். வேறு எதோடும் பொருந்தாது.

அது ரேஷன் காலம். சர்க்கரை கார்டுக்குத்தான் கிடைக்கும், அதுவும் கொஞ்சம்தான். ஃப்ளோரன்ஸ் வீட்டில் மழைக்காலம் முழுக்க யாரும் காபிக்குச் சர்க்கரை போடவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் அவள் நைனா, கசப்புக் காபியைக் குடித்துவிட்டு, "கேக்கு வர்ட்டும், கேக்கு வர்ட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. காலைப் பனி இன்னும் விலகவில்லை. ராயபுரம் ஸ்டேஷன் ரயிலின் புகையும் கடல் பனியும் கலந்து சந்துக்குள் மெல்ல வந்தன. மூங்கில் குச்சியில் செய்த காகித நட்சத்திரங்கள் அதில் மிதப்பதுபோல் தொங்கின. எங்கோ ஒரு கப்பல் கனவில் பேசுவதுபோல் ஊதியது.

அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு கைவண்டி வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியின் மேல் கோணிச் சாக்கு மூடியிருந்தது.

"அக்கா, அத்தாவுல்லா பாய் கடையிலருந்து வரேன். இந்த வருசம் யாரும் அலைய வேணாம்னு வண்டி அனுப்பிக்கீறாரு. கேக்கு டின்ன குடுங்க. சாய்ந்தரம் சுட்டு வூட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுவேன்."

சந்துப் பெண்கள் முகமெல்லாம் சிரிப்பு. போன வருடம் வரிசையில் நின்று கால் வலித்தது அவர்களுக்கு நினைவிருந்தது.

"பாயிக்குத் தங்க மனசு" என்றாள் ஃப்ளோரன்ஸின் அம்மா.

"சீக்கிரம் அக்கா. அடுப்பு ஆறிடப் போவுது. ஆறிடுச்சின்னா எம்மேல பழி சொல்லக் கூடாது" என்று அவன் அவசரப்படுத்தினான்.

காகித நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் திரும்பினாள். அடுப்பு ஆறிடுமா? ஆறத்தானே வேண்டும்?

அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். ரொட்டி வெந்து முடிந்ததும் பாய் நெருப்பை வாரிவிட்டுக் காத்திருப்பார். அடுப்புக்குள் ஒரு சிட்டிகை மாவு தூவுவார். மாவு உடனே கருகினால், "இன்னும் கோவமா கீது" என்பார். மெல்லச் சிவந்தால்தான் கேக் டின் உள்ளே போகும்.

அவள் கூரைகளுக்கு மேலே பார்த்தாள். பாயின் கடைப் புகைக்கூண்டிலிருந்து புகை பனியைக் குத்திக்கொண்டு எழுந்தது.

"அம்மா, குட்டிச் சூரியன் இன்னும் தூங்கல" என்றாள்.

"இன்னாடி ஒளறுற?"

"அது தூங்கனாத்தான் கேக்கு உள்ள போவும்."

"தோ பாரு, கனாக்காரி ஆரம்பிச்சிட்டா. போய் டின்ன எடுத்துகினு வா. அவரு காத்துகினு கீறாரு."

ஃப்ளோரன்ஸ் உள்ளே போனாள். டின்னை மார்போடு அணைத்துத் தூக்கினாள். மழைக்காலம் முழுக்க குடித்த கசப்புக் காபியெல்லாம் அந்த டின்னுக்குள் இனிப்பாக இருந்தது. மூடிய துணியின் மேல் அவளே பொறுக்கிய மட்டிச் சிப்பி உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சிப்பி, ஊதாக் கோடு போட்டது.

வண்டிக்காரன் டின்னை வாங்கினான். சிப்பியை இரண்டு விரலால் எடுத்தான்.

"இது இன்னா பாப்பா, வெளையாட்டுச் சாமானா? இந்தா, நீயே வெச்சிக்க."

முழுச் சிப்பி திரும்பவும் அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஃப்ளோரன்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூரியன் தூங்கவில்லை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் சிப்பியைப் பற்றி இந்தச் சந்தில் தெரியாதவர்கள் யார்?

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "அண்ணே, இதுல எங்க பாதி எது? பாயோட பாதி எது?"

"எந்தப் பாதி?" என்றான் அவன்.

டின்னை நீட்டிக்கொண்டிருந்த கைகள் மெல்லப் பின்னால் போயின.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா வண்டிச் சக்கரத்தின் மேல் காலை வைத்தாள். அவள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவள் இல்லை. ஆனால் சந்திலுள்ள பாதி கேக்குகளுக்கு அவள் வீட்டுக் கோழிகள்தான் முட்டை போட்டிருந்தன.

"இன்னாப்பா, பாய் கடைல வேலை பாக்கறேங்கற, மட்டி பிரிக்கத் தெரியாதா?"

"நான் புதுசு அக்கா. நேத்துதான் சேந்தேன்."

"அதனால இன்னா? வண்டிய தள்ளு, நாங்களும் பாய் கடை வரைக்கும் கூட வரோம். புது ஆளுக்கு வழி தெரியாம பூடப் போவுது."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரிக்கா. காலைலருந்து ஒண்ணும் துன்னல. முக்குல ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்."

போனான். முதலில் நடந்தான், அப்புறம் வேகமாக நடந்தான், பனிக்குள் போனதும் ஓடுகிற சத்தம் கேட்டது.

"டீக்கடை அங்க கீது, இவன் இந்தாண்ட ஓடறானே" என்றாள் குப்பம்மா.

ஃப்ளோரன்ஸ் கோணிச் சாக்கைத் தூக்கினாள். அவர்கள் வீட்டு டின்னுக்குப் பக்கத்தில் வேறு டின்களும் இருந்தன. எல்லாம் அடுத்த தெருவிலிருந்து வந்தவை.

"அய்யோ பாவம், அவங்க சாய்ந்தரம் வாசல்ல குந்திகினு இருப்பாங்களே" என்றாள் அவள். "அம்மா, வண்டிய அந்தத் தெரு வழியா தள்ளிகினு போலாம்மா."

வண்டி போனது. அடுத்த தெரு முனையில் ஸ்டானிஸ்லாஸ் என்கிற குட்டிப் பையன் ஒரு முழுச் சிப்பியைப் படகாக்கி, சாக்கடைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான்.

"காக்கிச் சட்ட அண்ணன் எனக்கே குடுத்துட்டாரு" என்று பெருமையாகச் சொன்னான்.

"கேக்கு டின்ன அவரு எடுத்துகினாரு, அதான் சிப்பிய உனக்குக் குடுத்தாரு" என்றாள் ஃப்ளோரன்ஸ். "கழுவி எடுத்துகினு வா. உங்க டின்னு எது?"

"மூலை நசுங்கினது. நான்தான் அது மேல ஏறி நின்னேன்."

கதவுகள் திறந்தன. ஒருவர் துணியின் கிழிசலைப் பார்த்துத் தன் டின்னைக் கண்டுபிடித்தார், இன்னொருவர் துருவைப் பார்த்து. கையில் சிப்பியோடு எல்லோரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். பனிக்குள் அந்த ஊர்வலத்தைப் பார்த்தால், கடலே எழுந்து ரொட்டிக் கடைக்குப் போகிற மாதிரி இருந்தது.

பாய் துடுப்போடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இன்னும் ரொட்டியே எடுக்கல. அதுக்குள்ள வந்து நிக்கறீங்க?"

நடந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பாய் ஃப்ளோரன்ஸ் பக்கம் குனிந்து, ஊதாக் கோடு போட்ட சிப்பியை வாங்கி, சத்தம் வராமல் பிரித்தார். ஒரு பாதியை டின்னில் கட்டினார், மறு பாதியை அவள் கையில் வைத்தார்.

அவள் அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். உள்ளே கடல் இருந்ததா, அடுப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே மூச்சுதான்.

மதியம் வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா ஜன்னல் வழியாக எட்டி, பாயின் புகைக்கூண்டைப் பார்த்தாள். புகை நின்றிருந்தது.

"இன்னாடி இங்க குந்திகினு கீறே?" என்றாள் அம்மா. "குட்டிச் சூரியன் தூங்கிடுச்சி பாரு. போ, போய் அடுப்பு முன்னாடி நின்னு கனா காணு. கேக்கு வெந்தப்புறம் வந்தாப் போதும்."