துயர்மானி

விடிந்தும் விடியாத நேரத்தில் என் மனைவி மயூரி துப்பாக்கியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, இடது மணிக்கட்டில் துயர்மானியைக் கட்டிக்கொள்வாள். நான் டார்ச் லைட்டும் பிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் தினமும் காலையில் எங்களுக்கு இதுதான் வேலை.

காட்டுப்பன்றியைச் சுட அரசாங்கம் அனுமதித்த புதிதில், பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளியவர்கள் நிறையப் பேர். அதனால் உரிமச் சட்டத்தை மாற்றினார்கள். சுடலாம், ஆனால் கால் மணி நேரத்துக்குள் சுட்டவருக்கு மனசு வலித்தாக வேண்டும். நாடித்துடிப்பையும் வியர்வையையும் வைத்துத் துயர்மானியின் சென்சார் அதைக் கண்டுபிடித்துவிடும். முள் சிவப்புக்கு ஏறாவிட்டால் துப்பாக்கி தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் உரிமம் கிடையாது.

என் துப்பாக்கி முதல் பன்றியிலேயே பூட்டிக்கொண்டது. அரை ஏக்கர் சோளத்தை நாசம் செய்த சனியன் செத்து விழுந்தால் சந்தோஷப்படாமல் என்ன செய்வதாம்?

மயூரிக்கு ஒருநாளும் முள் ஏறாமல் இருந்ததில்லை. எங்கள் மகள் தாரணி காய்ச்சலில் போன மறு மாதம் அவள் வாங்கிய உரிமம் அது. சுட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காருவாள்; கண்ணீர் கொட்டும். இளகின மனசு என்று ஊரே மெச்சியது. அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் அவள்தான் காவல். அவள் துப்பாக்கியும் பூட்டிக்கொண்டால் எங்கள் பக்கம் ஒருவருக்கும் வெள்ளாமை மிஞ்சாது.

அன்று விழுந்தது பெரிய பன்றி. மயூரி வரப்பில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நான் காபியை ஊற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முள் அசையவே இல்லை.

“நேரம் போகுது புள்ள. அந்தப் பன்னியப் பாரு, பாவமா இல்லியா?”

“பன்னிக்காக நான் என்னைக்குங்க அழுதிருக்கேன்?”

எனக்குப் புரியவில்லை.

“தாரணியத்தானுங்க நெனச்சுக்குவேன். ஆஸ்பத்திரில என்ற முந்தானையப் புடிச்சுக்கிட்டு, ‘ஊட்டுக்குப் போலாம்மா’ன்னாளே, அத நெனச்சாப் போதும், முள்ளு ஏறிரும். இப்பவும் அதத்தான் நெனைக்கிறேன். ஒண்ணுமே ஆக மாட்டேங்குதுங்க.”

“வேற ஏதாச்சும் நெனச்சுப் பாரு,” என்றேன். என்ன பேச்சு அது! ஆனால் சொல்லிவிட்டேன்.

“எல்லாத்தையும் நெனச்சுட்டேனுங்க. அவ ரெட்டச் சடை, பாதி தின்னு வெச்ச பிஸ்கட்டு, எல்லாத்தையும்.”

துப்பாக்கி ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது.

“போனாப் போகுது, உடு. வெள்ளாமைய அடுத்த போகத்துல பார்த்துக்கலாம்.”

“துப்பாக்கி கெடக்குதுங்க. என்ற புள்ளைக்கு அழுவ வர மாட்டேங்குதே! ஒவ்வொரு பன்னிக்கும் கொஞ்சங் கொஞ்சமா நானே செலவு பண்ணிப்போட்டனே!”

அதைச் சொல்லும்போதும் அவள் கண் காய்ந்தே இருந்தது. தாரணி போனதிலிருந்து அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொன்னால் நிற்க முடியாது என்று பயம். இப்போது, “தாரணி,” என்றேன். அப்படியே வரப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மயூரி என் முகத்தையே பார்த்தாள். பிறகு துயர்மானியை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டினாள். முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பின் கோடியில் போய் முட்டியது.

“இருக்குதுங்க,” என்றாள். “உங்ககிட்ட அப்படியே இருக்குதுங்க.”

என் கையை இரண்டு கைகளாலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டாள். தோட்டத்துக் கோடியில் பன்றிகள் சோளத்தட்டை முறிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.