குடிலின் சூட்டுப் பக்கம்

குழந்தை அழுகையை நிறுத்தியதுதான் எகிலுக்கு முதலில் சரியாகப் படவில்லை. அகுரெய்ரி நகரத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து பின் இருக்கையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தவன், கடைசி மேட்டைத் தாண்டிக் கார் மஞ்சள் மண் பள்ளத்துக்குள் இறங்கி, கண்ணாடி இடுக்கு வழியாகக் கந்தக நாற்றம் உள்ளே புகுந்த நொடியில், குழாயைத் திருகி மூடினாற்போல் நின்றுவிட்டான். விக்கலும் இல்லை, தேம்பலும் இல்லை. எகில் காரை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். மகன் விழித்துத்தான் இருந்தான். தரையிலிருந்து கிளம்பும் வெள்ளை ஆவியை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து வைத்திருந்தான்.

எதுவோ ஒன்று, இவனைச் சும்மா இருக்க வைத்ததே, அது போதும் என்று எகில் நினைத்துக்கொண்டான்.

நான்கு மாதப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதான் பெயர்சூட்டு, கிழக்கே மாமனார் வீட்டில். அதுவரை எல்லோருக்கும் அவன் வெறும் 'பையன்'. எகிலின் மனைவி ஸ்வாவா மீன்பிடிக் கப்பலில் சமையல்காரி. பிரசவ விடுப்பில் தன் பங்கு முடிந்து பதினோரு நாளைக்கு முன் கடலுக்குப் போனாள். இப்போது விடுப்பு எகிலுடையது. நாளைக் காலை அவள் கிழக்குத் துறைமுகத்தில் இறங்கும்போது பிள்ளையை நல்லபடியாக அவள் கையில் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் அவன் வேலை. கொடுத்துவிட்டால் தூங்கலாம். இந்தப் பதினோரு நாளும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் அவன் கண்ணயர்ந்ததில்லை. அந்த வடகோடியில் ஜூன் மாதத்துச் சூரியன் வேறு மறைவேனா என்று அடம்பிடித்தது. திரையை இழுத்து ஆணி அடித்தாலும் இமைக்குள் வெளிச்சம் இருந்தது. பிள்ளையும் சூரியனும் பேசி வைத்துக்கொண்டு தன்னைப் படுத்துவதாகவே அவனுக்குப் பட்டது.

பள்ளத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு காபிக் குடில் இருந்தது. நடத்துகிறவர் பெயர் ஸ்குலி. ஐம்பது வயது, பெரிய வயிறு, சின்ன வாய், அந்த வாயில் ஓயாத கிண்டல். எகில் முட்டையளவு வீங்கிய கண்களோடு உள்ளே நுழைந்ததும் மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ளையப் பெத்தது உன் பொண்டாட்டியா, நீயா தம்பி? மூஞ்சியப் பாத்தா நீதான் பெத்தாப்புல இருக்கு."

எகிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்த பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வரச்சொன்னார் ஸ்குலி. அதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் வெளிக்காற்றில்தான் தூங்குகின்றன, பனி கொட்டினாலும் கூட. வாசலில் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினால் காபி குடித்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வாசலில் காற்று கத்தியாய் அறுத்தது. பையன் மறுபடி ஆரம்பித்துவிடுவானோ என்ற பயத்தில் எகில் வண்டியைக் குடிலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். அங்கே தரையே சூடு. காலணிக்குள் பாதம் இதமாக வெதுவெதுத்தது. சுவரோரம் மண்ணில் மூன்று குழிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை மூடி, மூடிமேல் ஒரு கல். ஸ்குலி கறுப்பு ரொட்டி மாவை டப்பாக்களில் அடைத்து ஒரு நாள் முழுக்க அதற்குள் வைத்து வேகவிடுவார். ஆவி முழங்கால் உயரத்துக்கு மெத்தென்று பரவியிருந்தது. பையன் அதைப் பார்த்தபடியே கண்ணை மூடினான். எகில் வண்டியின் கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்து, யாரிடம் என்றில்லாமல், "கொஞ்ச நேரம் யாராவது வச்சுக்கோங்களேன்" என்றான். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. யார் காதிலும் விழவில்லை என்று நினைத்து உள்ளே போனான்.

வெண்ணெய் தடவிய கருவாட்டை இரண்டு கடி கடித்தது நினைவிருக்கிறது. அப்புறம் மேசைப் பலகையின் மணம், யாரோ நாற்காலி நகர்த்தும் சத்தம், எங்கோ ஓர் ஆவித்துளையின் நீண்ட விசில். எழுந்தபோது ஸ்குலி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு. வந்தது மூன்று மணிக்கு.

எகில் பின்பக்கம் ஓடினான்.

வண்டி விட்ட இடத்திலேயே இருந்தது. போர்வை ஆவியில் நனைந்து கனத்திருந்தது. அதற்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, கன்னம் சிவந்து, உதடு லேசாகத் திறந்து. எகில் சுவரில் சாய்ந்துகொண்டான். அட முட்டாளே, நாலு மணி நேரம், என்று தன்னையே திட்டிக்கொண்டான். அழுகையும் வந்தது.

ஸ்குலி கதவைப் பூட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

"இங்கயா விட்ட? வாசல்லன்னுதானே சொன்னேன்." கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தார். "எழுப்பிப் பால் குடு. எந்தப் புள்ளையும் இவ்ளோ நேரம் தூங்காது."

நாளைக்கு வேண்டிய மாவு மூன்று குழியிலும் இருக்கிறது, மூடியைத் தொட்டால் கை வெந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் தன் காரில் ஏறிப் போய்விட்டார். பள்ளத்தில் வேறு யாரும் இல்லை. சூரியன் மூன்று மணிக்கு இருந்த இடத்திலேயே இருப்பதுபோல இருந்தது.

எகில் பிள்ளையைத் தூக்கினான். கனம். ஈரப் போர்வையின் கனமாக இருக்கும் என்று போர்வையை உருவிப் போட்டான். அப்போதும் கனம் குறையவில்லை. உடம்பு காய்ச்சல்போல் கொதித்தது, ஆனால் பிள்ளை வாடாமல் நிமிர்ந்து அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டது. பால் புட்டியை வாயில் வைத்தான். புட்டி காலியானது. சப்பும் சத்தம் இல்லை, விழுங்கும் சத்தம் இல்லை, ஏப்பமும் இல்லை. நல்ல பிள்ளை என்று முதுகைத் தட்டினான். தட்டிக்கொண்டே இடது கன்னத்தைப் பார்த்தான்.

காலையில் பையன் தன் நகத்தாலேயே அந்தக் கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்தான். ரத்தம் துளிர்த்து, எகில் துடைத்து, ஸ்வாவா பார்த்தால் என்ன சொல்வாளோ என்று கவலைப்பட்ட நீளக் கீறல். இப்போது கன்னம் மழமழவென்று இருந்தது. ஒரே தூக்கத்தில் ஆறிவிட்டது என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் அவனிடம் தெம்பில்லை. ஊர் போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேர ஓட்டம் இருந்தது. கையில் இருப்பது அழவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

கார்க் கதவைத் திறந்தபோது விசில் மறுபடி கேட்டது. ஆவித்துளைதான். தூங்கும்போதும் இதுதான் கேட்டது, இந்தப் பள்ளம் முழுக்கவே விசில்தானே. மூன்று நீள இழுப்பு, ஒரு நிறுத்தம். மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம்.

எகில் கதவைப் பிடித்தபடி நின்றான்.

பதினோரு நாள் இரவு பகலாக அவன் மண்டைக்குள் அடித்த கணக்கு அது. மூன்று இழுப்பு. மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். பசி அழுகை.

கையிலிருந்தது அவன் தோளில் தலையைச் சாய்த்தது.

மெதுவாகக் குடிலைச் சுற்றி நடந்தான். ஆவி இப்போது இடுப்பளவு. சத்தம் சுவரோரமிருந்து வந்தது. கீழேயிருந்து. அவன் மண்டியிட்டான். பிள்ளையைக் கீழே விடப் பார்த்தான். அது பட்டியை விடவில்லை. ஒற்றைக் கையால் முதல் கல்லைத் தள்ளி மூடியைப் புரட்டினான். விரல் நுனி சுருக்கென்று வெந்தது. டப்பாக்கள். இனிப்பு வாடை. ரொட்டி.

இரண்டாவது. டப்பாக்கள். ரொட்டி.

அழுகை மூன்றாவது மூடிக்கு அடியில் இருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தான். கூப்பிடப் பெயர் இல்லை. "பையா," என்றான். "பையா." அழுகை ஒரு கணம் நின்று, அவன் குரலை அடையாளம் கண்டுகொண்டு, இன்னும் பலமாக வெடித்தது. தன் மகன் இந்தப் பலகைக்குக் கீழே இருக்கிறான் என்று எகிலுக்குத் தெரிந்துபோயிற்று. கல்லை உருட்டித் தள்ளினான்.

கைபேசி அடித்தது. ஸ்வாவா. வெந்த விரலால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"எகில், கரை தெரியுது, சிக்னல் வந்துடுச்சு. எங்கடா இருக்கீங்க?" பிறகு அவள் குரல் மாறியது. "ஏன் இப்படி அழறான்?"

எகில் பலகை மூடியைப் பார்த்தான்.

"அழவிட்டு வேடிக்க பாக்கறியா? தூக்குடா அவன."

"கையிலதான் இருக்கான்."

"பொய் சொல்லாத. எங்கயோ தள்ளிக் கேக்குது. அது பசி அழுகை, எனக்குத் தெரியாதா? எனக்கு இங்க பால் சுரந்து சட்டையெல்லாம் நனையுது. தூக்கு அவன. எகில், தூக்கு."

தோளில் இருந்தது தலையை நிமிர்த்தியது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. அவன் மகனின் கண்கள்தான், அதே சாம்பல் நிறம். பிறகு அதன் சின்ன உள்ளங்கை அவன் காதைப் பொத்தியது. மறு காதில் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டது.

சத்தம் போயிற்று.

எல்லாம் போயிற்று. காற்று, விசில், ஸ்வாவா, அழுகை. அப்படியொரு அமைதி உலகத்தில் மிச்சமிருக்கிறது என்பதே எகிலுக்கு மறந்துபோயிருந்தது. கைபேசி நழுவியது. பக்கத்தில் உட்கார ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது மூடிமேல் உட்கார்ந்தான்.

பலகை சூடு. இதமான சூடு.

அடியிலிருந்து தட்டல் வந்தது. காதில் இல்லை, எலும்பில். சின்னக் கை தட்டுகிற அளவு. எழுந்திரு என்று தனக்குச் சொன்னான். எழுந்திருக்கிறேன் என்றான். ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

கீழே கிடந்த கைபேசியில் ஸ்வாவாவின் படம் மினுங்கிக்கொண்டிருந்தது. சூரியன் நேராக முகத்தில் அடித்தது. அப்போது காதிலிருந்த கை இறங்கியது. மறு காதில் பதிந்த கன்னம் அசையவில்லை, ஆனாலும் சத்தம் திரும்பி வரவில்லை. சூடான சின்ன விரல்கள் அவன் இமைகளை, முதலில் ஒன்றை, பிறகு மற்றொன்றை, மெல்ல இழுத்து மூடின.

நல்ல இருட்டு.

பலகைக்கு அடியில் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.