பட்டை தாங்காது

கல்லை ஏற்றுவதற்கு முன்பே லாரியின் பின்புறம் தாழ்ந்திருந்தது.

நாச்சிமுத்து அதை நிலத்தின் குற்றமென்றே முதலில் எண்ணினான். நாமக்கல்லுக்கு அப்பால், கல்லுடைக்கும் அந்தப் பாறைச்சரிவு மேடும் பள்ளமுமாக இருந்தது. பின் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கலாம். வண்டியைச் சமதரைக்கு நகர்த்திவிட்டு இறங்கி, முழங்கால் மண்ணில் பதியக் குனிந்து பார்த்தான். முன்பாதி காராகவும் பின்பாதி மரத்தொட்டியாகவும் அமைந்த அச்சிறு லாரியின் பாரம் முழுவதையும் தாங்குபவை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கமான் பட்டைகள். பாரமில்லாதபோது அவை வில்லைப்போல் வளைந்திருக்க வேண்டும்; பாரம் ஏற ஏறத்தான் நிமிர வேண்டும். தொட்டியில் ஒரு வைக்கோல் பிரியைத் தவிர வேறொன்றுமில்லை. ஆயினும் பட்டைகள் பாதி நிமிர்ந்து நின்றன.

சில மாதங்களாகவே இப்படித்தான். பட்டறையில் கொடுத்துப் பட்டை மாற்றினான். கூடுதலாக ஒன்று சேர்த்தும் பார்த்தான். சில நாள் வண்டி தலை நிமிர்ந்து ஓடும். பிறகு மெல்ல மெல்ல, யாரோ ஏறி அமர்ந்ததுபோல், பின்புறம் தாழ்ந்துவிடும்.

கல்லுக்குரியவன் குழந்தைவேல் என்னும் இளங்குடியானவன். அவனும் குனிந்து பார்த்தான்.

“ஏனுங்க, வண்டி இப்பவே உக்காந்துட்டாப்பல இருக்குது. கல்லத் தாங்குமுங்களா?”

“தாங்குமுங்க. பட்டை புதுசு.”

இரண்டு தூண்கற்களும், அவற்றின்மேல் கிடத்தும் ஒரு நீண்ட பலகைக்கல்லும் ஏறின. நாச்சிமுத்து தன் தொழிலைக் கசடறக் கற்றவன். கனத்தைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் வண்டியின் மூக்குத் தூக்கிக்கொண்டு ஸ்டீரிங் கைக்கு அடங்காது. அவ்வாறே வைத்தான். பனங்கட்டையால் அணை கொடுத்தான், வடத்தால் இறுக்கினான். அதன் பின்னரே, அவை என்ன கற்களென்று அவனுக்குப் புலப்பட்டது.

சுமைதாங்கி.

வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்டுபோன பெண்ணுக்காக வழியோரத்தில் நடுவது. வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறும்போதெல்லாம், அவளும் தன் சுமையைச் சிறிது இறக்கி வைக்கிறாள் என்பது அவ்வூர்களின் நம்பிக்கை.

“எங்கீங்க நடறது?” என்று கேட்டான்.

“எருமப்பட்டிக்கு இந்தப் பக்கமுங்க. புளியமரத்து வளைவு.”

வண்டி புறப்பட்டது. பக்கத்து இருக்கையிலிருந்த குழந்தைவேல் கேளாமலே கதையைச் சொல்லி வந்தான். சில மாதங்களுக்கு முன் மனைவி உண்ணாமலை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றிருந்தாள். வலி கண்டதும் தாய் பாவாயி அவள் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, மாட்டு வண்டியில் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகையில், அந்த வளைவில் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. அப்போது ஒரு லாரி வந்து நின்றதாம். ஓட்டி வந்தவன் ஏற்ற மறுத்துப் போய்விட்டானாம். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அங்கேயே அடங்கினாள். ஆகையால் அதே பொழுதில் கல்லை நட வேண்டும்.

“எங்க மாமியா மொகத்தப் பாக்கலியாம். லாரி வெளக்கு கண்ணக் கூசிருச்சு. ஆனாக் கொரலக் கேட்டா எத்தன வருசமானாலும் புடிச்சுருவேங்குது. அங்கதானுங்க காத்துக்கிட்டிருக்குது.”

நாச்சிமுத்து வண்டியின் வேகத்தைக் குறைத்தான். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். தொண்டை கட்டிவிட்டதென்று கையால் காட்டினான். அங்கே வாய் திறவாமல் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டால் போதும். யாரும் அறியப்போவதில்லை.

அவன் அறிவான், அதுதான் பொறுக்கவில்லை. அன்று அவ்வளைவில் அவன் நின்றபோது தொட்டியில் கடலை மூட்டைகள் சில மட்டுமே இருந்தன. வண்டி புதிது, பலகையில் பூசையின் மஞ்சள்கூட அழியவில்லை. அதன்மேல் பிரசவ ரத்தம் சிந்திவிடுமே என்ற அருவருப்பைத் தவிர அவனுக்கு வேறு தடையே இருந்ததில்லை. அதைச் சொல்ல நாக்கூசி, “பின்பட்டை தாங்காதுங்க” என்று வெகு பணிவாகச் சொன்னான். அடுத்த ஊரிலேயே முதலாளிக்காக இரண்டு மேச்சேரிக் கிடாய்களை ஏற்றிக்கொண்டான். பட்டை தாங்கிற்று. அந்தப் பணிவை நினைக்கும்தோறும் காது மடல்கள் எரிந்தன.

பொழுது மேற்கே சரிந்தது. சோளக்காட்டின் காய்ந்த தாள்கள் உரசும் ஓசையும், எஞ்சினின் உறுமலும், அவற்றுக்கு அடியில், குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுப்பும் ஒரு நீண்ட முனகலும் அவனைத் தொடர்ந்து வந்தன. எண்ணெய் வற்றிய பட்டை முனகும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் இம்முனகல் குழியில்லாத இடத்திலும் எழுந்தது. எழுந்து, உச்சிக்குப் போய், பல்லைக் கடித்து அடக்கியதுபோல் நின்றது. இடைவெளி விட்டது. மீண்டும் எழுந்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

ஸ்டீரிங் கையில் இலேசானது.

வண்டியை நிறுத்திப் பின்னால் சென்று பார்த்தான். கற்கள் அசையவில்லை. வடம் தளரவில்லை. அணைகட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயினும் மூக்குத் தூக்கியிருந்தது. கனம் அச்சுக்குப் பின்னால் இருந்தது. தொட்டியின் கடைசிப் பலகையில். ஆள் ஏறிக் காலைத் தொங்கவிட்டு அமரும் இடத்தில்.

அங்கே ஒன்றுமில்லை. விளக்கெண்ணெய் வாசனை மட்டும் இருந்தது.

புளியமரத்து வளைவில் பாவாயியும் உறவினர் சிலரும் குழி வெட்டித் தயாராக நின்றிருந்தார்கள். கற்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பலகைக்கல்லும் இறங்கியது. நாச்சிமுத்து ஓரக்கண்ணால் பட்டையைப் பார்த்தான். பாரம் நீங்கிய பட்டை வளைந்து மேலெழ வேண்டும். எழவில்லை. முற்றும் நிமிர்ந்து, கோடுபோல் கிடந்தது.

“என்னுங்க டிரைவரே, கல்லக் கட்டுன வடத்துலயே நாக்கையும் கட்டிப் போட்டீங்களா?” என்று ஒருவன் கேலி செய்தான். தொண்டைக் கட்டு என்று குழந்தைவேல் விளக்கியதும், பாவாயி ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்க சாமி. இத்தன கனத்தப் பதனமாக் கொண்டாந்தீங்க. அன்னிக்கு உங்களாட்டம் ஒருத்தரு வந்திருந்தா எம்மவ பொழச்சிருப்பா.”

ஒரு வாய் குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். நிமிர்ந்து அவளைப் பார்க்க இயலவில்லை. அவளது காலருகே மண்ணைப் பார்த்தவாறே நின்றான்.

தூண்கள் நடப்பட்டன. பலகைக்கல் மேலேறியது. மஞ்சள் பூசினார்கள், பாவாயி அகல் ஏற்றினாள். நாச்சிமுத்து வண்டியை நோக்கித் திரும்பினான். குழந்தைவேல் அவன் கையைப் பற்றினான்.

“கல்லச் சுமந்துக்கிட்டு வந்தவங்கதானுங்க மொதல் சும எறக்கணும். எங்க வழக்கம்.”

மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும். கம்பு நிறைந்த சிறு கூடையொன்றை அவன் தலையில் ஏற்றினார்கள். இலேசான கூடை. கல்லை நெருங்கினான். இரு கையாலும் தூக்கி இறக்கி வைத்தான்.

பின்னால் ஓர் ஓசை.

பட்டை ஒன்று வளைந்தது. அடுத்தது வளைந்தது. அதற்கடுத்தது. லாரி பெருமூச்சு விட்டாற்போல் மேலெழுந்தது. பாரம் நீங்கிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்துவால் திரும்ப இயலவில்லை.

கூடை கல்லின்மேல் இருந்தது. கனம் தலையில் இருந்தது.

கழுத்து உள்ளே இறங்கியது. முதுகெலும்பின் கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்தன. அந்த முனகல் இப்போது அவனுடைய எலும்பிலிருந்து வந்தது. முழங்கால் மடங்கிற்று. கைகளை மேலே தூக்கித் துழாவினான். வெறுங்காற்று. ஈரமான, வெதுவெதுப்பான காற்று.

“எறக்கிட்டீங்களா சாமி?” என்றாள் பாவாயி.

பல்லைக் கடித்தான். உதட்டைக் கடித்தான். எனினும் அது வந்தது. அதே குரலில், அதே பணிவோடு.

“தாங்காதுங்க...”

அக்குரலைக் கேட்டதும் பாவாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள். சோளக்காடு அடங்கியது.

பாவாயி அகலைக் கையிலெடுத்து வந்தாள். அவனுக்கு எதிரே நின்று உயர்த்திப் பிடித்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்கள் நிறைந்தன. மற்றொரு கை, தொடப்போவதுபோல, மெல்ல மேலெழுந்தது.

அவன் பிடரியில் விளக்கெண்ணெய் ஒரு கோடாக வழிந்தது.

அப்போது, அந்தக் கனத்துக்குள்ளே இன்னொரு சிறு கனம் புரண்டு, அவன் உச்சந்தலையில் உதைத்தது.