பதினொன்றும் எட்டும்

மத்தியான மழையிலேயே இணையம் போய்விட்டிருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அப்படியிருந்தும், ஜாவா மென்பொருளின் பதினொன்றாம் வெர்ஷன் இறங்கி முடிந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி வந்து நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வரி அப்படியே இருந்தது.

வீட்டு விளக்குகளை நடத்தும் நிரல் கணவர் எழுதியது. இருட்டத் தொடங்கினால் முதலில் கூடம், பிறகு சமையலறை, கடைசியில் படுக்கையறை என்று ஒவ்வொன்றாக எரியும். அவர் போய் ஒரு வருடமாகியும் அந்த வரிசை மாறவில்லை. அவரே சுவிட்ச் போட்டுக்கொண்டு நடந்து வருவது போலிருக்கும் என்பதற்காகவே, சாயங்காலமானால் ஆபீஸிலிருந்து அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரம் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதியதில், நிரலை ஓட்டுகிற ஜாவாவின் புதிய வெர்ஷன் மட்டும்தான். அதில் ஓடவே மாட்டேன் என்று அவருடைய நிரல் அடம்பிடித்தது, அவரைப் போலவே.

“அக்கா, பழசையே கட்டிக்கிட்டு அழாத. நான் வேற எழுதித் தரேன்” என்று தம்பி போனில் சொன்னான். அவனுக்கென்ன, சொல்வான். அவளிடம் மிச்சமிருந்தது அந்த மூன்று விளக்குகள்தான்.

நிரலைக் கட்டித் தரும் பில்ட் டூலைப் பற்றி அவர் ஒருநாள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. “எந்த வெர்ஷன் வேணும்னு நம்பரை மட்டும் எழுது, டெஸ்டரம்மா. மெஷின்ல இல்லைன்னா அதுவே நெட்ல போய் எடுத்துட்டு வந்துடும். எத்தனை வெர்ஷன் வேணும்னாலும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது.” மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது அவளுக்கு உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்று சொல்லி அவர் வைத்த பெயர் அது.

அதனால்தான் பதினொன்று என்று எழுதினாள். அவர் கடைசியாக வைத்திருந்தது அதுதான்.

கூடத்து விளக்கு எரிந்தது. சமையலறை விளக்கும் எரிந்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. படுக்கையறை விளக்கு எரிந்ததும், சாத்தியே கிடந்த அறையின் புழுக்க வாடையை எதிர்பார்த்துக் கதவை லேசாகத் திறந்தவளுக்கு, கிருமிநாசினியும் வியர்வையும் கலந்து ஒரு காலத்தில் எவ்வளவு துவைத்தும் தலையணை உறையை விட்டுப் போகாத அந்த வாசனை வந்தது. அதற்கு அடியில், எப்போதோ ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட ஆக்சிஜன் மெஷினின் ரீங்காரம் மெதுவாக எழுந்தது.

பிறகு இருமல்.

அவள் கதவு இடுக்கில் பார்த்தாள். கட்டிலில் அவர். எலும்பும் தோலுமாக. காற்றுக்காகத் திறந்த வாய்.

“மூச்சு விட முடியலம்மா…”

பதினொன்றுக்கு அவர் எப்போது மாறினார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படுத்த படுக்கையான பிறகு, மடியில் லேப்டாப்பை வைத்து இருமிக்கொண்டே மாற்றினார். போதும், இவர் கஷ்டப்பட்டது போதும் என்று அழுது அழுது அனுப்பிவைத்தவரை, அதே கஷ்டத்துக்கு அவளே திரும்பக் கூட்டிவந்திருக்கிறாள். பதினொன்றை அழித்துவிடலாம். அழித்தால் அவர் இன்னொரு தடவை சாவார். இந்த முறை அவள் கையால்.

முடியாது. சத்தியமாக முடியாது.

எட்டு. எட்டு இருந்த காலத்தில் அவர் நன்றாக இருந்தார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார். கம்ப்யூட்டரிடம் ஓடிப்போய், பதினொன்று இருந்த இடத்தில் எட்டு என்று எழுதினாள். இங்கே இல்லை, தேடுகிறேன் என்றது திரை. மோடத்தில் இன்னும் சிவப்பு.

கிடைத்துவிட்டது.

விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. மாடிப்படியில் காலடிச் சத்தம். இரண்டிரண்டு படியாக. சாவிக்கொத்தின் ஓசை. அவள் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகை அழுத்தி நின்றாள். உள்ளே இருமல் நிற்கவில்லை. நம்பரை மாற்றினாளே தவிர, இறங்கிய பதினொன்றை அழிக்கவில்லையே.

வாசல் கதவு திறந்தது. மழையில் நனைந்த தலை, சதைப்பிடிப்பான கன்னம், அவளுக்கென்றே இருந்த அந்தச் சிரிப்பு. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கதவை விட்டு நகர முடியவில்லை.

“என்ன டெஸ்டரம்மா, உள்ள யாரு அப்படி இருமறது?”

அவள் முதுகுக்குப் பின்னால், மூச்சு வாங்க வாங்க, அதே குரல்.

“யாரும்மா… வந்திருக்கா?”

வாசலில் நின்றவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.